உப்புத்தாள் அளவு பனி போதும், விமானம் எழாமல் போக! டொராண்டோவில் உங்கள் விமானத்தை ஏன் நிறுத்தி வைக்கிறார்கள்?

வணக்கம் நண்பர்களே.

விமானத்தின் இறக்கை மேல் படிந்த பனிப்படலம், தச்சர் மரத்தைத் தேய்க்கும் உப்புத்தாளின் தடிமனும் சொரசொரப்பும் மட்டுமே கொண்டதாக இருந்தாலும், அது இறக்கையின் தூக்குவிசையை 30 சதவீதம் வரை குறைத்து, காற்று பின்னோக்கி இழுக்கும் விசையை 40 சதவீதம் வரை கூட்டிவிடக்கூடும். இதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்; இனி நான் சொல்லப்போகும் அனைத்தும் இதிலிருந்தே பிறக்கின்றன.

சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி செல்சியஸ். ஆகவே மீனம்பாக்கத்தில் இந்தக் கவலை எழுவதில்லை. ஆனால் இங்கிருந்து பிராங்க்பர்ட் வழியாகவோ லண்டன் வழியாகவோ டொராண்டோவுக்குப் பேரக்குழந்தையைப் பார்க்கச் செல்லும் பெற்றோர் எத்தனையோ பேர் இந்த நகரில் இருக்கிறார்கள். அவர்கள் ஜனவரியில் திரும்பும்போது, கதவுகள் மூடப்பட்டு நகரத் தொடங்கிய விமானம் வழியில் ஓரிடத்தில் நிற்கும்; உயரமான கையுடைய லாரிகள் இருபுறமும் வந்து ஆரஞ்சு நிறத் திரவத்தையும் பிறகு பச்சை நிறத் திரவத்தையும் பீய்ச்சும். இணைப்பு விமானம் தவறிவிடுமோ என்ற பதற்றத்தில் பலர் விமான நிறுவனத்தைக் கடிந்துகொள்வார்கள். அந்தக் காத்திருப்புதான் முழுப் பயணத்திலும் மிகப் பொறுப்போடு செலவிடப்படும் நேரம் என்பது என் உறுதியான கருத்து.

பனியின் எடையால்தான் விமானம் விழுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். எடை இங்கே சிறிய காரணமே. இறக்கையின் வளைந்த மேற்பரப்பை ஒட்டிக் காற்று வழுக்கிச் சென்றால்தான் தூக்குவிசை கிடைக்கும். சொரசொரப்பு ஏற்பட்டால், விமானி எதிர்பார்ப்பதற்கு முன்பாகவே காற்று அந்தப் பரப்பை விட்டு விலகிவிடும். பனியோடு புறப்படவே கூடாது என்று விதி சொல்வது இதனால்தான்.

[திரையில்: வாஷிங்டன், போட்டோமாக் ஆறு, 1982]

1982 ஜனவரி 13 அன்று, பனி பெய்துகொண்டிருந்தபோது, வாஷிங்டன் தேசிய விமான நிலையத்திலிருந்து ஏர் புளோரிடா நிறுவனத்தின் போயிங் 737 புறப்பட்டது. பனிநீக்கம் முடிந்து அப்போது 49 நிமிடங்கள் ஆகியிருந்தன. என்ஜின்களின் பனித்தடுப்பு வெப்பத்தை விமானிகள் இயக்காததால், என்ஜின் முகப்பிலுள்ள உணரிகள் பனியால் அடைபட்டு, உண்மையில் இருந்ததைவிடக் கூடுதலான உந்துவிசை கிடைப்பதாகக் கருவிகள் காட்டின. முன்னால் நின்ற விமானத்தின் சூடான புகை தங்கள் இறக்கையின் பனியை உருக்கிவிடும் என்று நம்பி, அதை நெருங்கியும் நின்றார்கள். உருகிய நீர் இறக்கையிலேயே மீண்டும் உறைவதற்குத்தான் அது இடம் கொடுத்தது. எழுந்த ஒரு நிமிடத்துக்குள் விமானம் 14ஆம் தெருப் பாலத்தில் மோதி ஆற்றில் விழுந்தது. விமானத்தில் இருந்த 79 பேரில் 74 பேரும், பாலத்தில் வாகனங்களில் இருந்த 4 பேரும் உயிரிழந்தனர். பத்தாண்டுகள் கழித்து, 1992 மார்ச்சில், நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்தில் பனிநீக்கம் செய்து அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் காத்திருந்த மற்றொரு விமானம் இறக்கையில் மீண்டும் படிந்த பனியால் விழுந்து 27 பேர் இறந்த பிறகுதான், அமெரிக்காவில் விதிகள் கடுமையாயின.

இரண்டு விமானங்களுக்கும் பனிநீக்கம் நடந்திருந்தது என்பதைக் கவனியுங்கள். இருக்கும் பனியை அகற்றுவது ஒரு வேலை. அகற்றிய பிறகு பெய்யும் பனி ஒட்டாமல் பார்த்துக்கொள்வது வேறு வேலை. இரண்டு நிறங்களுக்கும் காரணம் அதுவே.

ஆரஞ்சு நிறத்தில் வருவது முதல் வகைத் திரவம். தண்ணீரை எளிதில் உறையவிடாத கிளைக்கால் என்ற வேதிப்பொருளும் தண்ணீரும் கலந்த இதைச் சூடாக்கி, பீய்ச்சும் முனையிலேயே குறைந்தது 60 டிகிரி இருக்குமாறு தெளிக்கிறார்கள். வெப்பமும் அழுத்தமும் பனியை உருக்கித் தள்ளிவிடும். ஆனால் நீர்த்த திரவம் ஆதலால் அது வழிந்தோடிவிடும், பனிப்பொழிவில் சில நிமிடங்களே காக்கும்.

பச்சை நிறத்தில் வருவது நான்காம் வகை. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஆகவே இங்கே சற்று நிதானமாகப் பேச அனுமதியுங்கள். இந்தத் திரவத்திடம் பொறியாளர்கள் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு பண்புகளைக் கேட்கிறார்கள். விமானம் நிற்கும்போதும் மெல்ல ஊரும்போதும் அது இறக்கையை விட்டு வழியாமல், விழும் பனியைத் தன்னுள் வாங்கிக் கரைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓடுபாதையில் விமானம் வேகமெடுத்ததும், தரையை விட்டு எழுவதற்குள், வாங்கிய பனியோடு சேர்ந்து அது நீங்கிவிட வேண்டும். தங்கிவிட்டால் அதுவே இறக்கையின் வடிவத்தைக் கெடுக்கும்.

இந்தக் குணத்தை நம் வீட்டு அடுப்படியில் தினமும் பார்க்கிறோம். நன்கு பொங்கிய தோசை மாவைக் கல்லில் ஊற்றினால், ஊற்றிய இடத்தில் குவிந்தே நிற்கும். கரண்டியின் அடியால் சுழற்றும்போது இளகிப் பரவும். கரண்டியை எடுத்த கணமே விளிம்பு வழியாமல் நின்றுவிடும். தண்ணீரிடமோ எண்ணெயிடமோ இதை எதிர்பார்க்க முடியாது. தேய்க்கும் விசை கூடும்போது மட்டும் இளகுவது சில திரவங்களுக்கே உரிய பண்பு. பச்சைத் திரவத்தில் கலந்திருக்கும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் இந்தப் பண்பைத் தருகின்றன. ஓடுபாதையில் கரண்டியின் வேலையைக் காற்று செய்கிறது. மணிக்கு ஏறத்தாழ 185 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகே தரையை விட்டு எழும் விமானங்களுக்காக இது வடிவமைக்கப்பட்டது. அதைவிட மெதுவாக எழும் சிறிய விமானங்களுக்கு, எளிதில் இளகும் மூன்றாம் வகை இருக்கிறது. பச்சைத் திரவத்தில் ஒரு தொல்லையும் உண்டு. வால்பகுதியின் இடுக்குகளில் தங்கிக் காயும் மிச்சம், பிறகு மழையில் நனைந்தால் ஊறி உப்பும். உயரத்தில் அது உறைந்தால், விமானத்தை ஏற்றி இறக்கும் தகடுகள் அசைய மறுக்கும். ஆகவே அந்த இடுக்குகளைத் தேடிக் கழுவுவதும் பராமரிப்பின் ஒரு பகுதி.

பச்சைத் திரவமும் நிரந்தரமாகக் காக்காது. எந்த வெப்பநிலையில், எவ்வகைப் பொழிவில், எந்தத் திரவம் எவ்வளவு நேரம் தாங்கும் என்ற அட்டவணையைக் கனடாவும் அமெரிக்காவும் ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் வெளியிடுகின்றன. இறுதித் தெளிப்பு தொடங்கிய நொடியிலிருந்தே கடிகாரம் ஓடத் தொடங்கும். முடிந்த நொடியிலிருந்து அல்ல. டொராண்டோ பியர்சன் போன்ற நிலையங்கள், விமானம் புறப்படும் வழியிலேயே தனி இடம் ஒதுக்கி இதைச் செய்வது, தெளித்த பிறகு வரிசையில் நிற்கும் நேரத்தைக் குறைப்பதற்காகவே. விழுந்த இடத்திலேயே உறையும் கடும் உறைமழைக்கு அட்டவணையில் நேரமே கொடுக்கப்பட்டிருக்காது. அப்போது காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

தெளிக்கும்போது உள்ளே இனிப்பான ஒரு வாடை வந்தால் அஞ்ச வேண்டாம். அது கிளைக்காலின் ஆவி, அதைத் தடுக்கவே அந்நேரம் குளிரூட்டும் காற்றை நிறுத்திவைக்கிறார்கள். வழிந்தோடும் கிளைக்கால் ஆற்றில் கலந்தால் நீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும் என்பதால், மியூனிக் போன்ற நிலையங்கள் அதைச் சேகரித்துச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்துகின்றன. பறக்கும்போது என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள்: பெரும்பாலான ஜெட் விமானங்களில் என்ஜினிலிருந்து எடுக்கும் சூடான காற்று இறக்கையின் முன்விளிம்பைக் காக்கிறது, போயிங் 787இல் மின்வெப்பம்.

[திரையில்: கனடா, ஒன்டாரியோ மாநிலம், டிரைடன்]

கடைசியாக, பயணிகளாகிய நமக்கு நேரடியாக உரிய செய்தி. 1989 மார்ச் 10 அன்று டிரைடன் என்ற சிற்றூரில் ஏர் ஒன்டாரியோ விமானம் ஒன்று நின்றது. அணைத்த என்ஜினை மீண்டும் இயக்க உதவும் அதன் துணை மின்னாக்கி பழுதாகியிருந்தது. என்ஜின்களை அணைத்தால் மீண்டும் இயக்க அந்த நிலையத்திலும் கருவி இல்லை. ஓடும் என்ஜினோடு பனிநீக்கம் செய்யவோ அனுமதி இல்லை. இறக்கையில் பனியோடே புறப்பட்டு அது காட்டில் விழுந்தது. 69 பேரில் 24 பேர் இறந்தனர். அந்தப் பனியை உள்ளேயிருந்து பார்த்தவர்கள் இருந்தார்கள். பயணிகளாக அமர்ந்திருந்த இரு விமானிகளும் அவர்களில் அடக்கம். விமானி அறைக்கு அந்தச் செய்தி போகவில்லை.

கனடாவிலோ ஜெர்மனியிலோ இருக்கும் உறவினருக்கும், இந்தக் குளிர்காலத்தில் அங்கே செல்லவிருக்கும் அம்மா அப்பாவுக்கும் இந்தக் காணொளியை அனுப்புங்கள். ஜன்னலோரம் அமர்ந்திருக்கும்போது, புறப்படுவதற்கு முன் இறக்கையின் மேல் வெண்மையான படலமோ கட்டியோ தெரிந்தால், பணிப்பெண்ணை அழைத்து, விமானியிடம் சொல்லுமாறு கேளுங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் ஜன்னலைச் சுட்டிக்காட்டினால் போதும்.