இன்னொருவர் செய்து பார்த்தபோது

நேயர்களுக்கு வணக்கம்.

2023 ஜூலைக் கடைசியில் ஒரே காணொளி என் கைபேசிக்கு ஏழெட்டுப் பேரிடமிருந்து வந்தது. ஒரு காந்தம். அதன்மேல் நகத்துணுக்கு அளவில் கறுப்பாக ஒரு சில்லு. சில்லின் ஓர் ஓரம் காந்தத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, மறு ஓரம் அந்தரத்தில் நிற்கிறது. அனுப்பியவர்கள் பெரும்பாலும் என்னிடம் இயற்பியல் படித்த பழைய மாணவர்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "சார், இது நிஜமா?"

அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில் அந்தச் சில்லு என்னவென்று சொல்லிவிடுகிறேன். மோட்டார் வெகுநேரம் ஓடினால் அதற்குப் போகும் வயர் சுடும், தொட்டுப் பார்த்திருப்பீர்கள். செம்பு எவ்வளவு நல்ல கம்பியாக இருந்தாலும் மின்சாரத்தைக் கொஞ்சம் தடுக்கும். தடுக்கப்பட்டது சூடாகிப் போகும். இந்தத் தடையே இல்லாத பொருள்கள் உண்டு. மீக்கடத்திகள் என்கிறோம். அவை காந்தத்தைத் தள்ளிவிடவும் செய்யும், அதனால்தான் அந்தச் சில்லு மிதந்ததற்கு அவ்வளவு பரபரப்பு. அவற்றில் ஒரு வளையம் செய்து மின்சாரத்தைச் சுற்றவிட்டால் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுக்கும் இயந்திரத்துக்குள் இருப்பது இப்படிப்பட்ட கம்பிச்சுருள்தான். ஆனால் அதைத் திரவ ஹீலியத்தில், கிட்டத்தட்ட மைனஸ் 269 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். அந்தக் குளிருக்கு ஆகிற செலவுதான் மீக்கடத்தி நம் தெருவுக்கும் வீட்டுக்கும் வராமல் இருப்பதற்கு முக்கியக் காரணம்.

தென்கொரிய ஆய்வாளர்கள் சிலர், ஈயம், செம்பு, பாஸ்பரஸ், ஆக்சிஜன் கலந்த எல்.கே.-99 என்ற ஒரு பொருள் சாதாரண அறை வெப்பத்திலேயே மீக்கடத்தியாக இருக்கிறது என்று இணையத்தில் கட்டுரை வெளியிட்டார்கள். 127 டிகிரி வரைகூட அப்படியே இருக்கும் என்றார்கள். நிஜமாக இருந்தால், மின்சாரம் கையாளும் முறையே மாறிவிடும். எனக்கும் அன்று தூக்கம் வரவில்லை. நிஜமாக இருக்க வேண்டும் என்று மனம் அவ்வளவு விரும்பியது.

அவர்கள் செய்முறையையும் எழுதியிருந்தார்கள். என்னென்ன பொடி, எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம், எல்லாம் இருந்தது. ஒரு நல்ல உலை இருந்தால் போதும். உடனே சீனா, அமெரிக்கா, ஜெர்மனி என்று ஆய்வகங்கள் எல்லாம் இறங்கின. நம் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகமும் முதல் சில நாள்களிலேயே செய்து பார்த்துவிட்டு, எங்கள் மாதிரியில் மீக்கடத்தல் இல்லை என்று சொன்னது.

அப்படியானால் கொரியர்கள் பார்த்தது என்ன? அவர்களுடைய அளவீட்டில், சுமார் 104 டிகிரியில் மின்தடை திடீரெனப் பத்தில் ஒரு பங்காக விழுந்திருந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருக்கும் வேதியியலாளர் பிரசாந்த் ஜெயின் இந்த 104 என்ற எண்ணைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் வேறு வேலைக்காகத் தாமிர சல்பைடைப் படித்தவர். அந்தப் பொருள் 104 டிகிரியில்தான் தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும். எல்.கே.-99 சமைக்கும்போது ஈய சல்பேட்டிலிருந்து வரும் கந்தகம் செம்போடு சேர்ந்து தாமிர சல்பைடாக ஒட்டிக்கொள்கிறது. மின்தடை விழுந்ததற்குக் காரணம் அந்த அழுக்கு. சில்லு பாதி மிதந்ததற்கும் சாதாரணக் காந்தத்தன்மையே போதுமான விளக்கமாக இருந்தது.

ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்துக்காரர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். கந்தகம் கலக்காமல் அந்தப் பொருளைத் தனிப் படிகமாக வளர்த்தார்கள். கறுப்புச் சில்லுக்குப் பதிலாக ஊதா நிறத்தில், ஒளி ஊடுருவுகிற படிகம் கிடைத்தது. அதன் மின்தடை பல லட்சம் ஓம். மீக்கடத்தி இல்லை என்பது மட்டுமல்ல, அது மின்சாரத்தை விடவே விடாத பொருள்.

ஆகஸ்ட் பாதிக்குள் கதை முடிந்துவிட்டது. மூன்று, நான்கு வாரம். "ஏமாற்றிவிட்டார்களா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். இல்லையம்மா, அவர்கள் செய்முறையை ஒளிக்காமல் வைத்ததால்தானே இவ்வளவு சீக்கிரம் தெரிந்தது என்றேன். அந்தப் பெண்ணுக்குச் சொன்னதை இப்போதும் மனதாரச் சொல்கிறேன்.

1911-க்குப் போவோம். நெதர்லாந்தில் லைடன் நகரம். காமர்லிங் ஓனஸ் என்பவர் மூன்று வருஷத்துக்கு முன்புதான் உலகத்தில் முதன்முதலாக ஹீலியத்தைத் திரவமாக்கியிருந்தார். அவ்வளவு குளிரில் உலோகத்தின் மின்தடை என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. எலக்ட்ரான்களே உறைந்துபோய் மின்தடை எல்லையில்லாமல் ஏறும் என்று கெல்வின் பிரபு போன்ற பெரியவர்கள் நினைத்தார்கள். ஓனஸ் பாதரசத்தை எடுத்துக்கொண்டார். காய்ச்சி வடித்துச் சுத்தமாக்க முடிந்த உலோகம் அது என்பதுதான் காரணம். ஏப்ரல் 8-ஆம் தேதி, பாதரசத்தின் மின்தடை கிட்டத்தட்ட பூஜ்யம் என்று அவருடைய குறிப்பேட்டில் ஒரு வரி இருக்கிறது.

அந்த வரியோடு அவர்கள் நிறுத்தவில்லை, அதுதான் எனக்குப் பிடித்த விஷயம். மே மாதம் மறுபடி செய்தார்கள். இந்த முறை குளிரிலிருந்து மெல்ல மெல்லச் சூட்டை ஏற்றினார்கள். கெல்வின் அளவில், அதாவது மைனஸ் 273 டிகிரியைப் பூஜ்யமாக வைத்து எண்ணும் அளவில், 4.00-இல் ஒன்றும் தெரியவில்லை. 4.05-இலும் இல்லை. 4.12-இல் மின்தடை தலைகாட்டியது. அப்புறம் 4.2-ஐ ஒட்டிக் குபீரென்று ஏறிவிட்டது. ஒரு மாற்றம் போகும்போதும் திரும்பும்போதும் ஒரே இடத்தில் நடந்தால் அது வயர் கோளாறாக இருக்காது. முப்பது வருஷம் கல்லூரி ஆய்வகத்தில் நின்றவன் நான். ஏறும்போது எடுத்த அளவை இறங்கும்போதும் எடுங்கள் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டிருக்கிறது. லைடனில் அதைச் செய்தார்கள்.

மின்தடையை அளந்தவர் கில்லஸ் ஹோல்ஸ்ட் என்ற இளைஞர். கட்டுரையில் ஆசிரியர் பெயர் ஓனஸ் ஒருவருடையதுதான். அந்தக் காலத்து வழக்கம் அது. இருந்தாலும் ஹோல்ஸ்ட் பெயரை நான் வகுப்பில் சொல்லாமல் இருந்ததில்லை.

எழுபத்தைந்து வருஷம் கழித்து, 1986-இல், சூரிச் அருகே ஐ.பி.எம். ஆய்வகத்தில் பெட்னார்ஸ், முல்லர் என்ற இருவர் ஒரு பீங்கான் வகைப் பொருளில், அதுவரை பார்த்திராத வெப்பத்தில், சுமார் 35 கெல்வினில், மின்தடை விழத் தொடங்குவதைக் கண்டார்கள். பீங்கான் மின்சாரத்தைக் கடத்துமா என்று சிரிக்கிற காலம். அவர்கள் கட்டுரைக்கு வைத்த தலைப்பிலேயே 'இருக்கக்கூடிய' என்ற சொல்லைச் சேர்த்தார்கள். உயர் வெப்ப மீக்கடத்தல் 'இருக்கக்கூடும்', அவ்வளவுதான். காந்தச் சோதனை அப்போது முடிந்திருக்கவில்லை. வருஷக் கடைசியில் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் செய்து பார்த்து, ஆமாம் உண்மைதான் என்றார்கள். அடுத்த சில மாதத்தில் பால் சூவும் மா குன் வூவும் அமெரிக்காவில் 93 கெல்வின் வரை போய்விட்டார்கள். திரவ நைட்ரஜனே போதும் என்ற நிலை. 1987-லேயே பெட்னார்ஸுக்கும் முல்லருக்கும் நோபல் பரிசு. அவ்வளவு பெரிய கண்டுபிடிப்பை அறிவிக்கும்போது 'கூடும்' என்று எழுதிய கையை நான் மதிக்கிறேன்.

இப்போது கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். கார்கள்.

கார் ஓட்டிக்கொண்டே இதைக் கேட்பவர்கள் இருப்பீர்கள். உங்கள் காருக்குள்ளேயே ஒரு பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. இன்ஜின், பிரேக், ஏர்பேக், கதவுப் பூட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கணினி. இவை எல்லாம் முறுக்கிய இரண்டு கம்பிகளில் பேசிக்கொள்கின்றன. இந்த ஏற்பாட்டுக்கு கேன் என்று பெயர், ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-இல் டெட்ராய்ட்டில் அறிமுகப்படுத்தியது. மிக அழகான ஏற்பாடு. இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால் அவசரமான செய்தி மட்டும் தங்கும், மற்றது தானாக ஒதுங்கி வழிவிடும். செய்தி வழியில் சிதைந்தால் கேட்கிற யாரும் உடனே கையைத் தூக்கித் தவறு என்று சொல்லலாம்.

ஆனால் அந்தச் செய்தியில் அனுப்பியவர் பெயர் இருக்காது. காருக்குள் இருப்பவர்கள் எல்லாம் நம்மவர்கள்தானே என்ற எண்ணம். இணையத்தோடு கார் இணையாத காலத்தில் அது சரி. 2010-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து, இந்தக் கம்பிக்குள் நுழைந்தவர் பிரேக்கையே கைக்குள் கொண்டுவரலாம் என்று ஓடுகிற காரில் செய்து காட்டினார்கள். 2015-இல் இரண்டு பேர் வீட்டில் உட்கார்ந்தபடி நெடுஞ்சாலையில் போகும் ஒரு வண்டியைத் தொலைவிலிருந்தே தடுமாறவைத்தார்கள். அமெரிக்காவில் 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

வண்டிக்கு வண்டி நேராகப் பேசுகிற காலம் இப்போது வருகிறது. நான் இங்கே இருக்கிறேன், இந்த வேகத்தில் போகிறேன், பிரேக் போடுகிறேன் என்று ஒவ்வொரு வண்டியும் நொடிக்குப் பத்து முறை சொல்லும். இந்த முறை ஒவ்வொரு செய்தியிலும் மின்னணுக் கையெழுத்து உண்டு. போலி வண்டி புக முடியாது. சரி, பிரச்சினை தீர்ந்ததா? ஜி.பி.எஸ். கெட்டுப்போன நிஜ வண்டி ஒன்று, நேர்மையாகக் கையெழுத்துப் போட்டே தப்பான இடத்தைச் சொல்லும். ஆகவே இத்துறை ஆய்வாளர்கள் இப்போது தலையைப் பிய்த்துக்கொள்வது வேறு கேள்விக்கு. செய்தி சிதையாமல் வந்ததா என்று பார்த்தாயிற்று. அனுப்பியது யார் என்றும் பார்த்தாயிற்று. அது சொல்வது மெய்தானா? அதற்கு என் ரேடார் என்ன பார்க்கிறது, பக்கத்து வண்டி என்ன சொல்கிறது என்று ஒட்டிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

எல்.கே.-99 கதையும் இதேதான் என்று இப்போது உங்களுக்குத் தோன்றியிருக்கும். கட்டுரை சிதையாமல் வந்தது. எழுதியவர்கள் நிஜமானவர்கள். கையெழுத்துச் சரி. பக்கத்து உலையில் செய்து பார்த்தபோதுதான் மெய் தெரிந்தது.

மூன்றாவதாக நான் சொல்ல வந்தது நம் ஊர்க்கதை. இதைச் சொல்லத்தான் அரை மணி நேரம் கேட்டு வாங்கினேன்.

தாம்பரம் போகிற மின்சார ரயிலில் சானடோரியம் என்று ஒரு நிலையம் வரும். சவுரி முத்து என்ற மருத்துவர் 1928-இல் அங்கே காசநோயாளிகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார், அந்தப் பெயர்தான் நிலையத்துக்கும் நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் டி.பி. என்றால் சானடோரியம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் ஓய்வு. வீட்டில் வைத்திருந்தால் குடும்பத்துக்கே ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் வேறு. ஐம்பதுகளில் நல்ல மாத்திரைகள் வந்துவிட்டன. ஆனால் நோயாளிகள் எண்ணிக்கைக்கு முன்னால் படுக்கைகள் மிக மிகக் குறைவு.

1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. சென்னை அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் தலைமை. கேள்வி ஒன்றுதான்: அதே மாத்திரையை வீட்டிலேயே சாப்பிட்டால் குணமாகுமா?

193 நோயாளிகள். நகரத்தின் ஏழைக் குடும்பங்கள். யாரை வீட்டில் வைப்பது, யாரை சானடோரியத்துக்கு அனுப்புவது என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை. குலுக்கல் முடிவு செய்தது. மருத்துவர் நல்ல மனசோடு நோய் முற்றியவரை சானடோரியத்துக்கும் லேசானவரை வீட்டுக்கும் அனுப்பிவிட்டால், பிறகு எந்தச் சிகிச்சை மேல் என்று சொல்லவே முடியாது. அந்த நல்ல மனசே கணக்கைக் கெடுத்துவிடும். அதனால் 96 பேர் வீட்டில், 97 பேர் சானடோரியத்தில். இருவருக்கும் ஒரே மருந்து, ஐசோனியாசிடும் பி.ஏ.எஸ்.ஸும், ஒரு வருஷம்.

வீட்டுப் பக்கம் எல்லாமே பாதகம். ஒற்றை அறை, நெருக்கம், அரைவயிற்றுச் சாப்பாடு. உடம்பு தேறியதும் வேலைக்குப் போகாமல் முடியாது. மாத்திரை உண்மையாகவே வயிற்றுக்குள் போகிறதா என்று பார்க்க, மையத்து ஆள்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரை எடுத்து மருந்து தெரிகிறதா என்று சோதித்தார்கள். "சாப்பிட்டேங்க" என்று நோயாளி சொன்னால் அது ஒரு செய்தி. அதற்கும் ஒரு ரேடார் தேவைப்பட்டது.

1959-இல் முடிவு வந்தது. வருஷக் கடைசியில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் நூற்றுக்கு 86. சானடோரியத்தில் இருந்தவர்கள் கூடுதலாக எடை போட்டிருந்தார்கள். ஆனால் குணமாவதற்கு அந்தச் சாப்பாடும் ஓய்வும் கட்டாயமில்லை, மாத்திரை தவறாமல் போனால் போதும் என்று தெரிந்தது. வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. சிகிச்சை தொடங்கும் முன்பே தொற்ற வேண்டியது தொற்றிவிட்டிருந்தது. மருந்து தொடங்கியதும் பரவுவது சட்டென்று குறைந்துவிட்டது.

உலகத்தில் சானடோரியங்களை மூடும் போக்குக்கு இந்த 193 பேர் பெரிய வலுச் சேர்த்தார்கள். இதே சென்னையில் 1964-இல், வாரம் இருமுறை மட்டும் மையத்துக்கு வந்து கண்முன்னே மருந்து எடுத்துக்கொண்டால் போதும் என்ற அடுத்த ஆய்வு வந்தது. இன்று பல நாடுகளில் செவிலியர் எதிரே நோயாளி மாத்திரை விழுங்குகிற முறைக்கு அதுதான் வேர்.

டி.பி. இன்னும் போய்விடவில்லை. 2023-இல் மட்டும் உலகத்தில் 12 லட்சத்து 50 ஆயிரம் பேர் அதனால் இறந்தார்கள். புதிதாக நோய் வந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் நம் நாட்டவர். சேத்துப்பட்டில் அந்த மையம் இன்றும் இருக்கிறது, தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில்.

ஒரு வருஷக் கணக்கோடு அவர்களும் நிறுத்தவில்லை. குணமானவர்களுக்கு நோய் திரும்புகிறதா என்று பார்க்க ஐந்து வருஷம் அந்தக் குடும்பங்களைப் பின்தொடர்ந்தார்கள். முகவரி தேடி, மாடிப்படி ஏறி, கதவைத் தட்டி, சளி வாங்கிப் பரிசோதித்தார்கள். அந்தக் கதவுகளைத் தட்டியவர்களில் எவருடைய பெயரும் எனக்குத் தெரியாது. வீட்டில் குணமானவர்களுக்கும் சானடோரியத்தில் குணமானவர்களுக்கும் ஐந்தாம் வருஷக் கடைசியில் வித்தியாசம் ஏறக்குறைய இல்லை.

நன்றி. வணக்கம்.