இரண்டு ஊசி போட்ட பிறகும் பொன்னுக்கு வீங்கி வருமா?

அடுத்த கேள்வியை ஒரு அம்மா அனுப்பியிருக்கிறார். "என் மகனுக்குச் சின்ன வயதிலேயே எம்எம்ஆர் ஊசி இரண்டு தடவையும் போட்டாயிற்று. இப்போது கல்லூரி விடுதியில் இருக்கிறான். அங்கே பொன்னுக்கு வீங்கி பரவி இவனுக்கும் வந்துவிட்டது. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஊசி போட்டவர்கள்தானாம். அப்புறம் அந்த ஊசியால் என்ன பயன்? என் தங்கை மகளுக்கு ஐந்து வயது. அவளுக்கு இரண்டாவது ஊசி போடலாமா, வேண்டாமா என்று தங்கை கேட்கிறாள்."

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போடச் சொல்லுங்கள், தள்ளிப்போட வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம். இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் இல்லை, படித்த பலருக்கும் இருக்கிறது.

எம்எம்ஆர் என்பது தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசி. மூன்றுக்கும் ஒரே அளவு பாதுகாப்பு கிடைப்பதில்லை. இரண்டு டோஸ் போட்டால் தட்டம்மைக்கு 97 சதவீதம் வரை பாதுகாப்பு உண்டு. பொன்னுக்கு வீங்கிக்கு ஒரு டோஸில் 72 முதல் 78 சதவீதம், இரண்டு டோஸில் 86 முதல் 88 சதவீதம் என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. மூன்றில் இதுதான் கொஞ்சம் பலம் குறைந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் இப்படி ஒரு நாள் ஏமாந்துபோன மாதிரி நினைக்க மாட்டார்கள்.

சரி, 88 சதவீதம் என்றால் என்ன? ஊசி போட்ட நூறு பேரில் 12 பேருக்கு நோய் வந்தே தீரும் என்று அர்த்தமில்லை. ஊசி போடாதவருக்கு எவ்வளவு ஆபத்து இருக்கிறதோ, அதில் நூற்றுக்கு 88 பங்கு குறைந்து 12 பங்குதான் மிஞ்சுகிறது என்று அர்த்தம்.

இதை உங்கள் மகனின் விடுதியில் வைத்துப் பார்ப்போம். கணக்குக்காக ஆயிரம் மாணவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 950 பேர் இரண்டு டோஸும் போட்டவர்கள், 50 பேர் போடாதவர்கள். கிருமி எல்லாரையும் எட்டுகிறது. போடாதவர்களில் பாதிப் பேருக்கு, அதாவது 25 பேருக்கு நோய் வருகிறது. போட்டவர்களுக்கு அந்த 50 சதவீத ஆபத்து 6 சதவீதமாகக் குறைகிறது. 950-ல் 6 சதவீதம் 57 பேர். ஆக, மொத்தம் 82 நோயாளிகள், அதில் 57 பேர் ஊசி போட்டவர்கள்! "பார்த்தீர்களா, போட்டவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது" என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். ஆனால் ஊசியே இல்லையென்றால் அதே விடுதியில் 500 பேர் படுத்திருப்பார்கள். வராமல் போன அந்த 418 பேரை யாரும் எண்ணுவதில்லை. எல்லாருமே ஊசி போட்டுக்கொண்ட இடத்தில் நோய் வந்தால், வந்தவர் அத்தனை பேரும் ஊசி போட்டவராகத்தானே இருப்பார்?

இன்னொரு விஷயம், காலம் போகப் போக இந்தப் பாதுகாப்பு தேய்கிறது. ஐந்து வயதில் இரண்டாவது டோஸ் போட்ட பையன் இருபது வயதில் விடுதிக்குப் போகிறான். ஒரே அறை, ஒரே தண்ணீர் பாட்டில், பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேச்சு. எச்சில் துளி வழியாகப் பரவும் நோய்க்கு இதைவிட வசதி வேண்டாம். அமெரிக்காவில் 2006-ல் 6,500 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டபோதும் கல்லூரி வயதினர்தான் அதிகம். அங்கே அயோவா பல்கலைக்கழகத்தில் 2015-16-ல் இது பரவியபோது மாணவர்களுக்கு மூன்றாவது டோஸ் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு டோஸோடு நின்றவர்களில் ஆயிரத்துக்கு 14.5 பேருக்கு நோய் வந்தது, மூன்றாவதும் போட்டவர்களில் 6.7 பேருக்குத்தான் வந்தது. இரண்டாவது டோஸ் போட்டு 13 ஆண்டுகளுக்கு மேலானவர்களுக்கே ஆபத்து அதிகம் என்பதும் அங்கே தெரிந்தது. அதற்குப் பிறகு 2018 முதல், நோய் பரவும் இடத்தில் அதிக ஆபத்தில் இருப்பவர்களுக்கு மூன்றாவது டோஸ் போடலாம் என்று அந்த நாட்டில் பரிந்துரை வந்தது. எல்லாருக்கும் இல்லை, பரவும் நேரத்தில் மட்டும்.

பல நாடுகளில் போடும் ஊசியில் இருக்கும் கிருமி வகை ஜெரில் லின். 1963-ல் மாரிஸ் ஹில்மன் என்ற விஞ்ஞானி, பொன்னுக்கு வீங்கி வந்த தன் ஐந்து வயது மகளின் தொண்டையிலிருந்து எடுத்து, கோழிக் கருவில் வளர்த்துப் பலவீனப்படுத்தியது. மகளின் பெயரையே வைத்தார். 1967-ல் ஊசியாக வந்தது. இன்று பல இடங்களில் பரவுவது வேறு மரபணு வகை. பாதுகாப்பு குறைய அதுவும் ஒரு காரணமா என்று ஆய்வாளர்கள் பேசுகிறார்கள். ஆனாலும் ஊசி அதற்கு எதிராகவும் வேலை செய்கிறது.

நான் முக்கியமாக நினைப்பது, ஊசி போட்டும் நோய் வந்தவருக்கு என்ன ஆகிறது என்பதைத்தான். பருவம் வந்த ஆண்களில், ஊசி போடாமல் நோய் வந்தவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு விதைப்பை வீங்கும். ஊசி போட்டவர்களில் இது 6 சதவீதம் அளவுக்குக் குறைகிறது. மூளைக்காய்ச்சல், காது கேளாமல் போவது போன்றவையும் அவர்களுக்கு அரிது. உங்கள் மகன் கன்னம் வீங்கி நாலைந்து நாள் சிரமப்பட்டு எழுந்துவிட்டால், அதில் அந்த இரண்டு ஊசிக்கும் பங்கு இருக்கிறது.

இப்போது மகனைப் பற்றி. கன்னம் வீங்கிய நாளிலிருந்து ஐந்து நாள் தனியாக இருக்கட்டும், வகுப்புக்குப் போக வேண்டாம். தாடை அசைந்தாலே வலிக்கும், புளிப்பு வேண்டாம், மென்மையான உணவு போதும். விதைப்பையில் வலி, கடுமையான தலைவலி, கழுத்து விறைப்பு, காது மந்தம் இதில் ஏதாவது வந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். விதைப்பை வலி பெரும்பாலும் கன்னம் வீங்கி ஒரு வாரம் கழித்து வரும், அதனால் வீக்கம் வடிந்துவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது. அப்புறம், கன்னம் வீங்கினாலே பொன்னுக்கு வீங்கி என்று முடிவு கட்டவும் வேண்டாம், வேறு கிருமிகளாலும் வீங்கும். ஊசி போட்டவருக்கு ரத்தப் பரிசோதனையில் தெரியாமலும் போகலாம். காதுக்குக் கீழே வீங்கிய இடத்தை அரை நிமிடம் நீவிவிட்டு, கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனைதான் நம்பகமானது.

தங்கை மகளுக்கு ஒன்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். தடுப்பூசி அட்டையில் எம்ஆர் என்று இருக்கிறதா, எம்எம்ஆர் என்று இருக்கிறதா? சில நாடுகளின் அரசுத் திட்டத்தில் தட்டம்மையும் ரூபெல்லாவும் மட்டும் உள்ள எம்ஆர் ஊசிதான் போடுகிறார்கள். அதில் பொன்னுக்கு வீங்கிக்குப் பாதுகாப்பே கிடையாது. எம்எம்ஆர் என்று இரண்டு தடவை பதிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் குழந்தை மருத்துவரிடம் அட்டையைக் காட்டிப் போட்டுக்கொள்ளட்டும்.