தாழ்ப்பாள் சத்தம்

நேயர்களுக்கு வணக்கம். அடிதடி நடக்கிற வீட்டுப் பெரியவர்களிடம் பேசினால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க, தூங்கிட்டிருந்தா." இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளோடு பேசுவதுதான் என் வேலை; இருபது வருஷமாக இதைக் கேட்கிறேன். ஒரு பிள்ளைகூட என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி. முதல் இரண்டு வாரம் என்னெதிரே பென்சில் சீவிக்கொண்டே இருந்தாள். நானும் பேசாமல் கூட உட்கார்ந்து சீவினேன். பென்சில் சீவுவதில் நான் இப்போது பெரிய கெட்டிக்காரி, அது வேறு கதை. மூன்றாவது வாரம் தலை நிமிராமல் சொன்னாள்: "அப்பா வாசல் கேட் தாழ்ப்பாளை டமால்னு போட்டா பரவாயில்ல. சத்தமே வராமப் போட்டாத்தான் தம்பியக் கூட்டிக்கிட்டு கட்டிலுக்கடியில போயிடுவேன்." அவள் அம்மாவுக்கே தெரியாத கணக்கு இது. இவளா தூங்கிக்கொண்டிருந்தாள்?

இப்படி எந்நேரமும் காதைத் தீட்டி வைத்திருக்கும் உடம்புதான் பிறகு வயிற்றுவலி என்கிறது, படுக்கையை நனைக்கிறது. இங்கிலாந்தில் 2021இல் வந்த சட்டம், வீட்டு வன்முறையைக் கண்ணால் பார்த்த பிள்ளை மட்டுமல்ல, காதால் கேட்ட பிள்ளையும் பாதிக்கப்பட்டவர்தான் என்கிறது. காதால் கேட்ட பிள்ளையும்! அதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, பிள்ளை வாய் திறந்துவிட்டது. "அப்பா அடிச்சாரா?" என்று பதிலை நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது. "என்ன நடந்துச்சு?" போதும். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று சத்தியமும் வேண்டாம். ஆரம்ப காலத்தில் ஒரு பையனுக்கு அப்படிச் சத்தியம் செய்து, மீற வேண்டிவந்தது; அதற்குப் பிறகு அவன் என்னிடம் பேசவே இல்லை. "உன்னைப் பாத்துக்கிறதுக்கு வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்வேன்" என்று இப்போது முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே, தேதி போட்டு எழுதிவையுங்கள். கோபத்தில் நேரே அந்த அப்பாவிடம் போய் நியாயம் கேட்காதீர்கள். ராத்திரி அது பிள்ளை தலையில்தான் விடியும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிஷம்தான் பாக்கி. பாதுகாப்பு ஏற்பாடு பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், வேகமாகச் சொல்கிறேன். சண்டைக்கு நடுவில் புகக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள். எந்த வீட்டுக்கு ஓடுவது, அவசர எண், வீட்டு முகவரி, மூன்றும் மனப்பாடமாக இருக்கட்டும். அம்மா பிரிந்து போகிற சமயத்தில்தான் ஆபத்து கூடும். கிளம்பும் நாளைச் சின்னப் பிள்ளையிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள், அந்த ரகசியத்தை அது சுமக்க வேண்டாம். நேரம் முடிந்தது, வணக்கம்.