முப்பதைத் தாண்டினால் மூளை தேய்கிறதா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். மதுரையிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கும் கேள்வி இது: “என் அப்பாவுக்கு 67 வயது. எங்கள் மளிகைக் கடைக் கணக்கை இன்றும் அவர்தான் எழுதுகிறார். மனிதனின் அறிவுத்திறன் 30 வயதிலேயே இறங்கத் தொடங்கிவிடும் என்று ஒரு வரைபடம் வாட்ஸ்அப்பில் வந்தது. அதைப் பார்த்த என் தம்பி, இனிமேல் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். அந்த வரைபடம் உண்மையா?”

வரைபடம் பொய் என்று சொல்ல மாட்டேன். அது எதை அளந்தது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. இத்தகைய வரைபடங்கள் பலவும், ஒரே காலத்தில் 25 வயதுக்காரர், 45 வயதுக்காரர், 65 வயதுக்காரர் என வெவ்வேறு ஆட்களுக்கு ஒரே தேர்வை வைத்து, அவர்கள் வாங்கிய மதிப்பெண்களைக் கோடு போட்டு இணைத்ததால் உருவானவை. பார்ப்பவருக்கு ஒரே மனிதர் படிப்படியாக இறங்கி வருவதுபோலத் தோன்றும். ஆனால் அந்த 65 வயதுக்காரர் தமது 25ஆம் வயதில் எவ்வளவு மதிப்பெண் வாங்கியிருப்பார் என்பது அதில் இல்லவே இல்லை. அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவராகவும் இளைஞர் கல்லூரி முடித்தவராகவும் இருந்தால், நாம் காண்பது வயதின் விளைவா, படிப்பின் விளைவா?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டவர் வார்னர் ஷாயி என்ற அமெரிக்க உளவியலாளர். 1956இல் சியாட்டில் நகரில், ஒரு மருத்துவக் கூட்டுறவு அமைப்பின் உறுப்பினர்களிலிருந்து இருபதுகளில் இருப்பவர் முதல் எழுபதை எட்டியவர் வரை 500 பேரைத் தேர்ந்தெடுத்துச் சோதித்தார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1963இல், வர முடிந்தவர்களை மீண்டும் அழைத்துச் சோதித்ததோடு புதியவர்களையும் சேர்த்துக்கொண்டார். ஏழாண்டுக்கு ஒருமுறை என்று இந்த ஆய்வு பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. ஒரே மனிதரை அவருடைய பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிட்டபோது கோட்டின் வடிவமே மாறிவிட்டது. சொற்பொருள் அறிதல், காரணம் காணுதல் போன்ற திறன்கள் நடுவயதில் உயர்ந்தோ நிலையாகவோ இருந்தன. தெளிவான இறக்கம் பெரும்பாலானவர்களுக்கு அறுபதுகளில்தான் தென்பட்டது.

கணக்கைப் பற்றிக் கேட்டிருப்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தலைமுறைக்குத் தலைமுறை எல்லாத் திறனும் ஏறிக்கொண்டே வந்ததாக ஷாயி காணவில்லை. எண்களைக் கூட்டிச் சரிபார்க்கும் திறனில் 1920களில் பிறந்தவர்கள் தங்களுக்குப் பின்னால் பிறந்தவர்களைவிட மேலாக இருந்தார்கள். வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்து வளர்ந்த பெரியவர்களை வீட்டில் வைத்திருக்கும் நமக்கு இதில் பெரிய வியப்பு இருக்காது.

இருந்தாலும் ஷாயியின் முறையிலும் ஓட்டை உண்டு. ஏழாண்டு கழித்துத் திரும்பி வருபவர்கள் பெரும்பாலும் நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்கள். நோயுற்றவர்களும் இறந்தவர்களும் கணக்கிலிருந்து விழுந்துவிடுவார்கள். ஏற்கெனவே எழுதிய தேர்வை இரண்டாம் முறை எழுதுவதும் எளிது. இந்தப் பழக்க விளைவைக் கழித்துப் பார்த்தால், சில திறன்களின் இறக்கம் இருபதுகளிலும் முப்பதுகளிலுமே தொடங்கிவிடுகிறது என்று 2009இல் வாதிட்டார் டிமோதி சால்ட்ஹவுஸ் என்ற இன்னொரு அமெரிக்க உளவியலாளர். வேகத்தைப் பொறுத்தவரை அவர் பக்கம்தான் சான்று வலுவாக இருக்கிறது என்பது என் கருத்து. ஒரு தாளில் ஒன்பது எண்களுக்கு ஒன்பது குறிகள் கொடுத்து, கீழே வரிசையாக உள்ள எண்களுக்கு உரிய குறியை நேரம் முடிவதற்குள் எழுதச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. அதில் இளைஞரை முதியவர் முந்துவது அரிது.

ஆனால் இதே சால்ட்ஹவுஸ் 1984இல் வெளியிட்ட வேறொரு ஆய்வுதான் உங்கள் அப்பாவுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. 19 முதல் 72 வயது வரையுள்ள தட்டச்சர்களை அவர் சோதித்தார். விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்துவது போன்ற சோதனையில் மூத்தவர்களின் விரல் தாமதித்தது. தட்டச்சு செய்யச் சொன்னபோதோ இளையவர்களின் வேகத்துக்கு ஈடுகொடுத்தார்கள். எப்படி என்று பார்க்க, அடிக்கும் எழுத்துக்கு முன்னால் எத்தனை எழுத்துகள் கண்ணுக்குத் தெரியலாம் என்பதைத் திரையில் கட்டுப்படுத்தினார். மூத்தவர்கள் தமது வழக்கமான வேகத்தில் அடிக்கக் கூடுதல் எழுத்துகள் முன்கூட்டியே தெரிய வேண்டியிருந்தது. அதாவது, விரலின் தாமதத்தைக் கண்ணின் முன்னோட்டத்தால் ஈடுகட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஹையர் தேறியவர்களுக்கு, கை ஒரு சொல்லில் இருக்கும்போதே கண் அடுத்த சொல்லுக்குப் போய்விடும் இந்தப் பழக்கம் நன்றாகத் தெரியும்.

ஆகவே உங்கள் தம்பியிடம் ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். முன்பு அரை மணி நேரத்தில் முடித்த பேரேட்டை இப்போது ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு, ஆனால் பிழையில்லாமல் எழுதுகிறார் என்றால், அது அவருடைய வயதுக்கு இயல்பானது. கணக்கை அவரிடமிருந்து வாங்க அது காரணமாகாது. பழகிய கணக்கிலேயே குழம்புவது, கொடுத்த பணத்தையே மறந்து மீண்டும் கொடுப்பது, கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் தடுமாறுவது என்று மாற்றம் தெரிந்தால் அது வேறு விஷயம். அப்போது எந்த வரைபடத்தையும் பார்த்துக்கொண்டிருக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.