நாலு நிறக் கட்டை

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். ஆலைக்காலத்து அவலங்களுக்கு எல்லாரும் சேர்ந்து உழைத்துப் பகிர்ந்து வாழும் இலட்சியக் கிராமங்கள் விடையா, வெறும் கனவா என்பது கேள்வி. விடைதான் என்பது எங்கள் கட்சி.

"பிரிட்டன் ஆலை முதலாளி ராபர்ட் ஓவன் அப்படி ஒரு கிராமம் அமைக்க அமெரிக்காவில் நியூ ஹார்மனி என்று ஊரையே விலைக்கு வாங்கி, 1825இல் தொடங்கி 1827இல் இழுத்து மூடினார். எங்கள் தெரு டீக்கடை கூட அதைவிட அதிக நாள் ஓடியது" என்றார் எதிரணி நண்பர். நானும் சிரித்தேன். சரி, அதற்கு முந்தின 25 வருஷத்தை ஏன் முழுங்கிவிட்டார்?

ஸ்காட்லாந்தில் நியூ லானார்க். 1800இல் அந்தப் பஞ்சாலை ஓவன் கைக்கு வருகிறது. ஏறத்தாழ 2,000 ஜனம். அதில் 500 பேர் ஏழைகள் விடுதியிலிருந்து ஓட்டிவந்த பிள்ளைகள். குடி, திருட்டு எல்லாம் உண்டு. வேறு முதலாளி என்றால் பெல்ட்டைக் கழற்றியிருப்பான். ஓவன் ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு மரக்கட்டையை மாட்டினார்.

நாலு பக்கம், நாலு நிறம். நேற்று ஒழுங்காக இருந்தவனுக்கு வெள்ளை. பரவாயில்லை என்றால் மஞ்சள், சுமார் என்றால் நீலம், மோசம் என்றால் கறுப்பு. ஓவன் நடந்து வருவார். கட்டையைப் பார்ப்பார். ஆளைப் பார்ப்பார். போய்விடுவார். ஒரு வார்த்தை கிடையாது! திட்டினால் திருப்பித் திட்டலாம் நடுவர் அவர்களே, பார்த்துவிட்டுப் போகிறவரை என்ன செய்வது? கறுப்பு நீலமானது, நீலம் மஞ்சளானது, மஞ்சள் வெள்ளையானது. இப்போது நண்பர் நாற்காலி பக்கத்தில் ஒன்று மாட்டினால் எந்தப் பக்கம் திருப்புவீர்கள்? கறுப்பு வேண்டாம் ஐயா, வெளியூரிலிருந்து வந்திருக்கிறார். நீலம் போதும்.

மூடினார், மூடினார் என்கிறாரே, 1844இல் இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 28 பேர் கூட்டுறவுக் கடை திறந்தார்கள். அதில் பலர் ஓவன் பேச்சில் ஊறியவர்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, கலப்படம் இல்லாமல். அந்த வழியில் வந்ததுதான் 1904இல் நம் திருவல்லிக்கேணியில் தொடங்கிய கூட்டுறவுப் பண்டகசாலை. டீக்கடை இன்னும் இருக்கிறதா என்று அப்புறம் விசாரித்துக்கொள்வோம்.

ஒன்றே ஒன்று. ஒரு சமயம் அமெரிக்கப் பருத்தி வரத்து நின்று நாலு மாதம் ஆலை ஓடவில்லை. இயந்திரத்தைத் துடைத்து வையுங்கள் என்று சொல்லி, முழுக் கூலியும் கொடுத்தார் ஓவன். 7,000 பவுண்டுக்கு மேல்! அந்தக் கூலியை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போய் உலை வைத்தாளே ஒரு தாய், அவளிடம் போய் "அம்மா, இதெல்லாம் கனவு" என்று சொல்ல நண்பருக்கு நா எழுமா? ஸ்காட்லாந்தில் ஏது முந்தானை என்று கேட்காதீர்கள், பசிக்கு ஏது தேசம்!

மணி அடிக்கிறீர்கள், தெரிகிறது. நன்றி, வணக்கம்.