பாசியைத் தாக்கும் வைரஸ்கள்

நேயர்களுக்கு வணக்கம். வைரஸ் என்றதும் காய்ச்சலும் இருமலும்தான் நினைவுக்கு வரும். நான் பேச வந்திருப்பது நமக்கு எந்த நோயும் தராத வைரஸ்களைப் பற்றி. நீலப்பச்சைப் பாசி என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அது உண்மையில் ஒரு பாக்டீரியா, சயனோபாக்டீரியா என்பார்கள். அதைத் தாக்கும் வைரஸ்களுக்கு சயனோஃபேஜ் என்று பெயர்.

இந்தப் பாசிக்கு நாம் பட்ட கடன் பெரியது. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியதே இதன் முன்னோர்களால்தான். இன்றும் வெப்பக் கடல்களின் மேல்நீரில் புரோகுளோரோகாக்கஸ் என்ற சயனோபாக்டீரியா நிறைந்து கிடக்கிறது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல் வரிசையாக நிற்கும், அவ்வளவு சிறியது. சாலி சிஷோமும் அவருடைய குழுவினரும் 1988இல் சொல்லும்வரை இப்படி ஒன்று இருப்பது உலகத்துக்குத் தெரியாது.

வைரஸ் அதற்கு முன்பே அகப்பட்டுவிட்டது. 1963இல் சாஃபர்மன், மோரிஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கழிவுநீர்க் குட்டை ஒன்றிலிருந்து முதல் சயனோஃபேஜைப் பிரித்தெடுத்தார்கள். ஆனாலும் கடலில் வைரஸ் அதிகம் இருக்காது என்றே பலரும் நினைத்திருந்தார்கள். 1989இல் நீரை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து எண்ணிப் பார்த்தபோது, சில இடங்களில் ஒரு மில்லிலிட்டரில் 25 கோடி வரை வந்தது. சாதாரணக் கடல்நீரிலேயே மில்லிலிட்டருக்கு ஒரு கோடி அளவில் இருக்கும். எல்லாம் பாசியைத் தாக்குபவை இல்லை; பெரும்பாலானவை ஏதாவது ஒரு நுண்ணுயிரியைத் தாக்குபவை.

சோதனைக்கூடத்தில் இதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். தட்டில் ஜெல்லி ஊற்றி, அதில் பாசியை வளர்த்தால் தட்டு முழுக்கப் பச்சையாகப் படரும். வைரஸ் கலந்த நீரில் ஒரு துளியைச் சேர்த்து, விளக்கு வெளிச்சத்தில் சில நாள் வைத்தால், பச்சைக்கு நடுவே வட்ட வட்டமாகத் தெளிந்த புள்ளிகள் விழும். ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு வைரஸில் தொடங்கிய சாவு. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். பாசி வெயிலைக் கொண்டு பிழைக்கிறது. அந்த வெயிலே அதன் ஒளிச்சேர்க்கை இயந்திரத்தைச் சேதப்படுத்தவும் செய்யும். குறிப்பாக டி1 என்ற புரதம் அடிக்கடி கெட்டுப்போகும். செல் அதைப் புதிது புதிதாகச் செய்து மாற்றிக்கொண்டே இருக்கும். இது நின்றால் ஒளிச்சேர்க்கையும் நின்றுவிடும். வைரஸ் உள்ளே நுழைந்ததும் செய்கிற முதல் வேலை, செல்லின் சொந்த மரபணுக்களை அடக்குவது. அப்படியென்றால் டி1 வராது, ஆற்றல் கிடைக்காது, வைரஸ் பெருகவும் முடியாது, இல்லையா? ஒரு தொற்று முடியப் பல மணி நேரம் பிடிக்குமே.

2003இல் நிக்கலஸ் மேனின் குழு இதற்கு விடை கண்டது. அவர்கள் ஆராய்ந்த வைரஸின் மரபணுத் தொகுப்புக்குள்ளேயே டி1 செய்யும் மரபணு இருந்தது! வைரஸ் ஒளிச்சேர்க்கை செய்வதில்லை, அதற்கு இலையும் இல்லை, பச்சையமும் இல்லை. ஆனாலும் அதனிடம் அந்த மரபணு இருக்கிறது. அடுத்தவர் வீட்டு அடுப்பைப் பிடித்துக்கொண்டவன், அது அணையாமல் இருக்கக் கையோடு விறகும் கொண்டுவந்ததுபோல. அந்த மரபணு சும்மா கிடக்கிறதோ என்ற சந்தேகமும் 2005இல் தீர்ந்தது. தொற்று நடக்கும்போதே வைரஸின் டி1 உருவாவதை டெபி லிண்டெல்லும் உடன் பணிபுரிந்தவர்களும் காட்டினார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஒளிச்சேர்க்கையில் இரண்டு பாதி: ஒளியைப் பிடித்து ஆற்றலாக்குவது ஒன்று, கரியமில வாயுவைச் சர்க்கரையாக்குவது மற்றொன்று. பல சயனோஃபேஜ்கள் முதல் பாதியை ஓடவிட்டு, இரண்டாவதை அடக்கிவிடுகின்றன. கிடைக்கும் ஆற்றல் புதிய வைரஸ்களின் மரபணுப் பொருளைச் செய்யப் போகிறது. நீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளிவிடுவது முதல் பாதிதான், அது நிற்பதில்லை என்பதைக் கவனியுங்கள். ஆக, கடல் வெளிவிடும் ஆக்சிஜனில் ஒரு பங்கு வைரஸ் கொண்டுவந்த மரபணுவின் தயவில் வருகிறது. மறுபடியும் சொல்கிறேன்: கொல்ல வந்த வைரஸ், கொல்லும் நேரம் வரை அந்தச் செல்லை வேலை செய்ய வைக்கிறது.

செல் வெடித்த பிறகு? அதன் உள்ளிருப்பெல்லாம் நீரில் கரைகிறது. மேய்ந்து தின்னும் நுண்ணுயிர்கள் வழியாக மீன்வரை போயிருக்க வேண்டிய உணவில் ஒரு பகுதி, இப்படித் திரும்பிப் பாக்டீரியாக்களுக்கே போகிறது. நைட்ரஜன், பாஸ்பரஸ், இரும்பு எல்லாம் மேல்நீரிலேயே மறுபடி புழங்குகின்றன. சத்துக் குறைந்த நடுக்கடலில் இது பெரிய உதவி. அப்புறம், எந்த வகைப் பாசி அளவுக்கு மீறிப் பெருகுகிறதோ, அதைத் தாக்கும் வைரஸுக்கு இரை எளிதில் கிடைக்கும். அந்த வகை குறைந்து மற்றவற்றுக்கு இடம் விடும்.

நேரம் முடியப்போகிறது என்று கை காட்டுகிறார்கள். ஏரிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏரி நீரைப் பச்சைக் குழம்பாக்கும் மைக்ரோசிஸ்டிஸ் என்ற பாசிக்கும் வைரஸ் உண்டு. அதைத் தூவிப் பாசியை ஒழித்துவிடலாமே என்ற எண்ணம் அறுபதுகளிலேயே எழுந்தது. ஆனால் எதிர்ப்புள்ள செல்கள் சீக்கிரமே தலைதூக்கிவிடுகின்றன. தவிர, இந்தப் பாசியின் பல வகைகள் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சைச் செல்லுக்குள் வைத்திருக்கின்றன. செல் வெடித்தால் அது நீரில் கலந்துவிடும், கொதிக்கவைத்தாலும் போகாது. பச்சை மறைந்துவிட்டதே என்று நம்பி அந்த நீரைக் குடிக்கக் கூடாது. நஞ்சு இருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் பயன்படுத்த வேண்டும்.

வணக்கம்.