மூங்கில் கழி அளந்த ஆழம்: ‘மரபின் தொடர்ச்சியே’ அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சனிக்கிழமை மாலையில் வீட்டு வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு இந்தச் சமூக மன்றத்துக்கு வந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, எல்லாருக்கும் என் வணக்கம்.

உற்பத்தி நின்றுபோன பழைய ஜீப் வகை வண்டிகள் மறுபடி புதுப் பிறவி எடுத்து வருகின்றன. இது மரபின் தொடர்ச்சியா, பெயர் வியாபாரமா? இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் லேண்ட் ரோவர் டிஃபெண்டரை எடுத்துக்கொண்டார். 2016 ஜனவரி 29ஆம் தேதி இங்கிலாந்தின் சோலிஹல் ஆலையில் கடைசி வண்டி வெளியே வந்தது, அன்றோடு டிஃபெண்டர் செத்துவிட்டது என்றார். 2019இல் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் திரையை விலக்கிக் காட்டியது அதே பெயரை ஒட்டிக்கொண்ட வேறு வண்டி என்றார். அடியில் வண்டியைத் தாங்கும் தனிச் சட்டகம் கிடையாது, ஸ்பேனர் போட இடம் கிடையாது, இங்கிலாந்திலேகூடச் செய்வதில்லை, ஸ்லோவாக்கியாவில் செய்கிறார்கள் என்றார். கடைசியாக, 163 மீட்டர் உயரமுள்ள புக்கிட் தீமாதான் பெரிய மலை என்றிருக்கிற நம் சிங்கப்பூரில் இந்த வண்டி எதற்கு என்று கேட்டார். நல்ல கைதட்டல் வாங்கினார். அந்தப் பழைய வண்டிமேல் அவருக்கு இருக்கும் பாசத்துக்கு அது தகும். ஆனால் அந்தப் பாசம் எனக்கும் உண்டு, கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

என் அப்பா மலேசியாவின் ஜோகூரில், குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஜீப் ஓட்டியவர். காலையில் துரையை மலைக்காட்டுக்கு ஏற்றிப்போவார். சம்பள நாளில் கணக்கெழுதும் கிராணியையும் பணப்பெட்டியையும் ஏற்றிவருவார். நடுராத்திரியில் தொழிலாளர் குடியிருந்த லயத்திலிருந்து ஆள் ஓடிவந்து கதவைத் தட்டினால், வலி வந்த பெண்ணை ஏற்றிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு விரட்டுவார். அந்தத் தோட்டத்தில் அந்த ஜீப்பில் போய்ப் பிறந்த பிள்ளைகளே நிறையப் பேர்.

டிசம்பர் மழையில் தோட்டத்து வழி தண்ணீருக்குள் போய்விடும். அப்பா வண்டியைக் கரையில் நிறுத்துவார். பின்னாலிருந்து ஒரு மூங்கில் கழியை உருவுவார். செருப்பைக் கழற்றி முன்சீட்டில் இருக்கும் என் மடியில் போட்டுவிட்டு, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடப்பார். நடு ஓட்டத்தில் கழியை ஊன்றுவார். ஈரம் ஏறின இடத்தில் கட்டை விரலை வைத்து அழுத்திப் பிடித்தபடியே திரும்பிவந்து, கழியைச் சக்கரத்தோடு ஒட்டி நிறுத்திப் பார்ப்பார். விரல் சக்கரத்தின் குடத்துக்குக் கீழே இருந்தால் அப்படியே கிளம்பிவிடுவார். மேலே இருந்தால்தான் வேலை. பானெட்டைத் திறந்து ஃபேன் பெல்ட்டைக் கழற்றுவார். ஃபேன் சுற்றினால் தண்ணீரை வாரி, தீப்பொறிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர்மேல் அடித்து எஞ்சினை அணைத்துவிடும். அப்புறம் வண்டிக்கு அடியில் சேற்றில் மல்லாந்து படுத்து, கிளட்ச் கூட்டின் அடியில் இருக்கும் ஓட்டையில் ஒரு சின்னத் திருகு மூடியைப் போடுவார். கிளட்ச்சுக்குள் தண்ணீர் போகக்கூடாது இல்லையா? எழுந்துவந்து, லோ கியரில் போட்டு, நிற்காமலும் பறக்காமலும் ஒரே சீராக ஓட்டுவார். அக்கரை ஏறியதும் முதல் வேலை அந்த மூடியைக் கழற்றுவது. மறந்தால் உள்ளே எண்ணெய் தேங்கி வேறு தொல்லை வரும்.

இப்போது சொல்லுங்கள், நடுவர் அவர்களே. அந்த வண்டியின் மரபு எதில் இருந்தது? திருகு மூடியிலா, அக்கரைக்குப் போய்ச் சேர்ந்ததிலா?

என் நண்பர் ஒருவர் புது டிஃபெண்டர் வைத்திருக்கிறார். போன வருடம் என்னையும் என் மகனையும் ஏற்றிக்கொண்டு உட்லண்ட்ஸ் எல்லை தாண்டி, ஒரு செம்பனைத் தோட்டத்து வழியாகக் கூட்டிப்போனார். ஓர் ஓடை குறுக்கே வந்தது. நண்பர் ஒரு பொத்தானை அழுத்தினார். திரையில் அந்த வண்டியின் படம் வந்தது, சக்கரங்களின்மேல் ஒரு நீலக் கோடு வந்தது, தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று. பக்கவாட்டுக் கண்ணாடிகளுக்கு அடியில் இருக்கும் உணரிகள் ஒலியை அனுப்பி அளந்து சொல்கின்றன. எனக்குப் பேச்சு வரவில்லை. சக்கரத்தோடு ஒட்டி நிறுத்திய கழி, அதில் ஈரக் கோடு. அப்பா பார்த்த அதே படம்! பழைய டிஃபெண்டர் 50 சென்டிமீட்டர் தண்ணீரில் போகும் என்று கம்பெனி சொன்னது. புதியது காற்று சஸ்பென்ஷனை உயர்த்திக்கொண்டு 90 சென்டிமீட்டர் வரை போகும். யாரும் சேற்றில் படுக்க வேண்டியதில்லை. இதை வேறு வண்டி என்று எப்படிச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

சரி, எதிரணித் தலைவர் ‘மூலம்’, ‘அசல்’ என்று பலமுறை சொன்னார். அந்த மூலத்தின் பிறப்பைக் கொஞ்சம் பார்ப்போம். ரோவர் கம்பெனியின் மோரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் பக்கம் ஆங்கிள்சி தீவில் இருந்த தன் பண்ணையில் போர்க்காலத்து அமெரிக்க ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அது தேய்ந்துபோனால் அடுத்து எதை வாங்குவது என்ற கவலையில் 1947இல் ரெட் வார்ஃப் விரிகுடாவின் கடற்கரை மணலில் ஒரு படம் வரைந்தார். முதல் சோதனை வண்டியை ஜீப்பின் அடிச்சட்டத்தின் மேலேயேதான் கட்டினார்கள். அதில் ஸ்டீயரிங் நடுவில் இருந்தது, டிராக்டரைப் போல! எஃகு அப்போது அங்கே ரேஷன் பொருள், அதனால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். 1948 ஏப்ரல் 30, ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் பிறந்தது. அதாவது எதிரணி அசல் என்று கட்டிப்பிடித்துக்கொள்ளும் வண்டியே இன்னொரு வண்டியின் மறுபிறவி. அன்றைக்கு யாராவது ‘இது ஜீப்பே இல்லை, போலி’ என்று விரட்டியிருந்தால் இன்றைக்கு நாம் பேச வண்டியே இருந்திருக்காது.

டொயோட்டாவும் அதே வழிதான். 1951இல் வந்த அதன் வண்டியை ‘டொயோட்டா ஜீப்’ என்றே அழைத்தார்கள். 1954இல்தான் லேண்ட் குரூசர் என்று பெயர் மாறியது. பம்பாயில் மகிந்திராவும் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் பாகங்களைப் பூட்டித்தான் வண்டித் தொழிலைத் தொடங்கியது. அதன் இன்றைய ‘தார்’ வண்டி அந்தக் குடும்பத்துப் பிள்ளை. கம்பெனிக்காரர்கள் என்ன பெயர் வைத்தாலும் நம் அப்பாக்களும் தாத்தாக்களும் இத்தனையையும் சேர்த்து ஜீப் என்ற ஒரே சொல்லால் கூப்பிட்டார்கள். வாழையடி வாழை என்பது நம் ஊர்ப் பேச்சு. குலை தள்ளிய மரத்தை வெட்டித்தான் ஆக வேண்டும், பக்கத்தில் கன்று நிற்கும். அது தாய்மரம் இல்லை என்று யாரும் கன்றைப் பிடுங்கிப் போடுவதில்லை.

இன்னொன்று. எதிரணி கண்கலங்குகிற அந்த டிஃபெண்டர் என்ற பெயரே 1990இல்தான் வந்தது. அதற்கு முன் 42 வருடம் அந்தப் பெயர் இல்லாமல்தான் ஓடியது. பெயர்தான் வியாபாரம் என்றால், அந்த வியாபாரம் பழைய வண்டியிலேயே தொடங்கிவிட்டது.

இனி, கொஞ்சம் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய வண்டியைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் அதன் உறுதியைப் பேசுகிறோம். உள்ளே உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி யார் பேசுகிறோம்? என் சித்தப்பா ஒரு ஜீப்பின் பின்பக்கத்தில், பக்கவாட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து வந்தவர். பெல்ட் என்ற பேச்சே கிடையாது. செம்மண் வழியில் வண்டி வழுக்கி வழியோரக் கான் வாய்க்காலில் சாய்ந்தது. மெதுவாகத்தான் சாய்ந்தது என்பார் அப்பா. வண்டிக்குக் கீறல் மட்டும், அன்று மாலையே மறுபடி ஓடியது. சித்தப்பாவின் வலது முழங்கால் கடைசிவரை மடங்கவில்லை. கோயிலில் எல்லாரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடும்போது அவர் மட்டும் தூணில் சாய்ந்து நின்று சாப்பிடுவார். என்ன வண்டி என்று சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் எல்லா வண்டியும் அப்படித்தான் இருந்தது. ஆனால் பழையதை அப்படியே, ஒரு திருகாணிகூட மாற்றாமல் திரும்பக் கொண்டுவா என்று எதிரணி கேட்கும்போது எனக்கு அந்த முழங்கால் ஞாபகம் வருகிறது. புது டிஃபெண்டர் 2020இல் ஐரோப்பிய மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. பழைய டிஃபெண்டரில் கடைசி நாள் வரை காற்றுப்பை வரவே இல்லை. என் மகனை எதில் ஏற்றுவேன் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

ஸ்பேனர் விஷயத்துக்கு வருகிறேன், அதுதான் அவர்களின் பலமான அடி. ரோட்டோரத்தில் மரத்தடியில் நிறுத்திக் கையாலேயே சரிசெய்ய முடிந்தது அன்று, இன்று கம்ப்யூட்டர் வேண்டும் என்கிறார்கள். உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை, அந்த இழப்பு எனக்கும் வலிக்கிறது. ஆனால் அது மறுபிறவியின் குற்றமா? சுசுகி ஜிம்னியைப் பாருங்கள். 1970இல் 359 சிசி எஞ்சினோடு வந்த குட்டி வண்டி. இருபது வருடம் ஒரே உருவத்தில் ஓடிய மூன்றாம் தலைமுறைக்குப் பிறகு 2018இல் புதுப் பிறவி எடுத்தது. ஏணி மாதிரியான அடிச்சட்டம் அப்படியே இருக்கிறது. முன்னும் பின்னும் முழு ஆக்சில் அப்படியே இருக்கிறது. இடையில் நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர்வீலுக்குப் பொத்தான் வைத்துப் பார்த்தார்கள், புதியதில் மறுபடி கையால் இழுக்கும் நெம்புகோலையே கொண்டுவந்துவிட்டார்கள். வியாபாரம் மட்டும் பார்க்கிறவன் பொத்தானைக் கழற்றிவிட்டு நெம்புகோலை வைப்பானா? ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளை தாத்தாவின் தொழிலை அப்படியே செய்கிறது, இன்னொரு பிள்ளை படித்துவிட்டு அதே தொழிலை வேறு விதமாகச் செய்கிறது. ஜிம்னி முதல் பிள்ளை, டிஃபெண்டர் இரண்டாவது பிள்ளை.

விலையைப் பற்றி எதிரணியில் ஓர் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் நம் ஊரில் எந்த வண்டிதான் மலிவு? 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பி பிரிவு வாகன உரிமைச் சான்றிதழ் மட்டும் ஏலத்தில் 150,001 சிங்கப்பூர் வெள்ளிக்குப் போனது. வெறும் காகிதத்துக்கு அந்த விலை, வண்டி தனி. அந்தப் பாரத்தைக் கொண்டுபோய் இந்த வண்டியின் மரபின்மேல் ஏற்றக்கூடாது.

அதே சான்றிதழ்தான் என் பக்கத்துக்குச் சாட்சியும் சொல்கிறது. இங்கே பத்து வருடம் ஆனால் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் வண்டியைக் கழித்துக்கட்ட வேண்டும். 35 வயதைத் தாண்டிய வண்டியைப் பழம்பெரும் வாகனத் திட்டத்தில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் வருடத்துக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம். மீதி 320 நாள் அது கொட்டகையில் நிற்க வேண்டியதுதான். எதிரணி சொல்வதுபோலப் பழையது மட்டும்தான் உண்மை என்றால், இங்கே ஈசூனில் பிறந்து வளர்கிற ஒரு பிள்ளை அந்த உண்மையை எங்கே போய்ப் பார்க்கும்? என் மகன் அதை ஓடையில் இறங்கும்போது பார்த்தான், சன்னலில் முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு.

இந்த ஊரில் இந்த வண்டி எதற்கு என்றார் அல்லவா தலைவர்? இந்த வண்டியின் கதையில் நம் ஊருக்கு இருக்கும் இடம் லேசானதல்ல. 1955 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனை விட்டுக் கிளம்பினார்கள். பாலைவனம் தாண்டி, இந்தியா வந்து, பர்மாவில் காடு மூடிக்கிடந்த லீடோ சாலையில் நுழைந்து, 1956 மார்ச்சில் வந்து சேர்ந்த ஊர் எது? சிங்கப்பூர். அந்த இரண்டில் ஆக்ஸ்ஃபோர்டு என்று பெயர் வைத்த வண்டி பின்னாளில் செயிண்ட் ஹெலினா தீவில் துருப்பிடித்துக் கிடந்தது. மீட்டெடுத்துச் சரிசெய்தார்கள். 2019 ஆகஸ்டில் அதே வண்டி இதே சிங்கப்பூரிலிருந்து கிளம்பி டிசம்பரில் லண்டன் போய்ச் சேர்ந்தது.

எதிரணி இதைப் பிடித்துக்கொள்ளும், பார்த்தீர்களா பழையதின் பெருமையை என்று. நானும் அதற்குத் தலைவணங்குகிறேன். ஆனால் தேதியைப் பாருங்கள். அந்தத் தாத்தா வண்டி தென்கிழக்காசியாவில் உருண்டுகொண்டிருந்த அதே 2019 செப்டம்பரில்தான் ஃபிராங்ஃபர்ட்டில் பேரன்மேல் இருந்த திரை விலகியது. இரண்டும் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்தன, நடுவர் அவர்களே. ஒன்று செத்து மற்றொன்று அதன் பெயரைத் திருடியது என்று எந்தக் கணக்கில் சொல்வது?

மணி அடித்துவிட்டார்கள், ஒரே நிமிடம். அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழி ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கட்டும். 1948 முதல் 35 வருடம் அந்த வண்டி பட்டை ஸ்பிரிங்கில் குதித்துக் குதித்து ஓடியது. 1983இல் அதையெல்லாம் கழற்றிப்போட்டுச் சுருள் ஸ்பிரிங் வைத்து, முன்முகத்தையும் மாற்றி வெளியே விட்டார்கள். நீங்கள் இன்று அசல் என்று அழுவது அந்த 1983க்குப் பிந்தைய வண்டிக்காகத்தான். அப்படியானால் 1983இல் வந்தது அசலா, போலியா? சொல்லுங்கள் தோழி, கேட்டுக்கொண்டிருக்கிறேன். நன்றி, வணக்கம்.